செவலைக்கு அடுக்களை கொடுத்த கூலி

நாங்கள் வாசற்கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய 11-ஆவது நிமிடத்தில் எங்கள் நாய் செவலை எழுந்துகொள்கிறாள். அதுவரை கூடத்தில் தன் விரிப்பின் மீது, முன்கால்களில் முகவாயை வைத்துப் படுத்திருந்தவள், வாசற்கதவருகே வந்து காதுகளை நிமிர்த்தி அரை நிமிடம் அசையாமல் நிற்கிறாள். வண்டிச் சத்தமோ காலடி ஓசையோ இல்லை என்று உறுதியானதும் திரும்பி நேராக அடுக்களைக் கதவுக்கு வருகிறாள். பின்னங்கால்களில் எழுந்து நின்று, வலது முன்காலைக் கதவின் நீளப் பிடியின் மேல் போட்டுக் கீழே அழுத்தியபடியே மார்பால் தள்ளுகிறாள், கதவு திறக்கிறது. அடுத்து, ஃபிரிட்ஜின் பிடியில் நாங்கள் தொங்கவிட்டிருந்த கைத்துண்டின் நுனியைப் பல்லால் பற்றிப் பின்னோக்கி இரண்டு அடி நடக்கிறாள். ஃபிரிட்ஜும் திறந்துகொள்கிறது. கீழ்த்தட்டில் இருந்த பாத்திரத்தின் மூடியை மூக்கால் நெம்பித் தள்ளிவிட்டு, உள்ளே இருந்த வெந்த இறைச்சியை ஒரு துண்டும் மிச்சமில்லாமல் தின்கிறாள். எல்லாம் முடிய 4 நிமிடங்கள்கூட ஆகவில்லை.

பழைய கைபேசிகள் இரண்டில் ஒன்றைக் கூடத்துப் புத்தக அலமாரியிலும் மற்றொன்றை அடுக்களையின் மேல்தட்டிலும் சாய்த்து வைத்து எடுத்த பதிவு இது. இதைப் பார்ப்பதற்கு முந்தைய 8 மாதங்களும், நாங்கள் இல்லாத நேரத்தில் ஏதோ ஒரு வெறியில் அவள் அடுக்களையைச் சூறையாடுகிறாள் என்றே நினைத்திருந்தேன். சிந்திக் கிடந்த மாவும், கவிழ்ந்த குப்பைத்தொட்டியும், கிழிந்த பொட்டலங்களும் அப்படித்தான் எண்ண வைத்தன. பதிவில் தெரிந்ததோ, ஒரு வேலையைக் கற்றுத் தேர்ந்தவரின் நிதானம். பிடியை அழுத்தும் கால், எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அறிந்த மார்பு, துண்டை நழுவவிடாத பல் என்று ஒவ்வொன்றும் பலமுறை செய்து பழகியவை. இதையெல்லாம் அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று யோசித்தபோது, எங்கள் அடுக்களையைத் தவிர வேறு விடை கிடைக்கவில்லை.

எட்வர்டு தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், பூனைகளையும் நாய்களையும் கொண்டி வைத்த பெட்டிகளில் அடைத்து, வெளியே உணவை வைத்து நடத்திய ஆய்வுகளை 1898-இல் வெளியிட்டார். அடைபட்ட விலங்கு முதலில் பிராண்டும், கடிக்கும், முட்டிப் பார்க்கும். அப்படி அல்லாடும்போது தற்செயலாக ஒரு கயிற்றை இழுக்கவோ ஒரு கட்டையை அழுத்தவோ நேர்ந்து, கதவு திறந்துவிடும். மறுபடி மறுபடி அடைத்தபோது பயனில்லாத அசைவுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோய், கதவைத் திறந்த அசைவு மட்டும் நிலைத்தது. பலன் கிடைத்த செயல் வலுப்பெறும் என்ற விதியை அவர் அங்கிருந்துதான் வகுத்தார். செவலையும் முதல் நாள் கதவின் மேல் எதேச்சையாகத்தான் காலைப் போட்டிருப்பாள். அன்று கதவு திறந்தது, உள்ளே கூலி கிடைத்தது. அதன்பின் அவள் செய்ததெல்லாம், கூலி கிடைக்கும் இடத்துக்குத் தவறாமல் வேலைக்குப் போனதுதான். இதைத் திருட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவரை எனக்கு ஒரு வழியும் புலப்படவில்லை. கூலி என்று நினைக்கத் தொடங்கியதும், செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்தது. அடுக்களை அவளுக்கு எந்த நாளிலும், எந்தக் காரணத்துக்காகவும் கூலி கொடுக்கக் கூடாது. அதே நேரத்தில் நல்ல கூலி வேறோர் இடத்தில் கிடைக்க வேண்டும்.

'எந்த நாளிலும்' என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெரும்பாலான நாட்களில் நாங்கள் மேடையைத் துடைத்து, பாத்திரங்களை உள்ளே வைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். எப்போதாவது ஒரு நாள் அவசரத்தில் ரொட்டிப் பொட்டலம் மேடையிலேயே இருந்துவிடும். பத்தில் ஒன்பது நாள் ஒழுங்காக இருந்தால் நிலைமை பெருமளவு சரியாகிவிடும் என்று நம்பினேன். நடந்தது அதற்கு நேர்மாறு. உளவியலாளர்களான சார்லஸ் ஃபெர்ஸ்டரும் பி. எஃப். ஸ்கின்னரும் பெரும்பாலும் புறாக்களை வைத்துச் செய்து 1957-இல் வெளியிட்ட விரிவான ஆய்வுகள், ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்த பழக்கத்தைவிட எப்போதாவது மட்டும் பலன் கிடைத்த பழக்கம் எவ்வளவு பிடிவாதமாக நீடிக்கும் என்பதைக் காட்டின. எப்போது கிடைக்கும் என்று தெரியாத இடத்தில் முயற்சியைக் கைவிட விலங்குக்குக் காரணம் இல்லை. எங்கள் பத்தாவது நாள் மறதி, மற்ற ஒன்பது நாட்களிலும் அவளைச் சலிக்காமல் தேட வைத்தது.

திட்டியதைப் பற்றியும் எழுதியாக வேண்டும். வீட்டுக்குள் நுழைந்து அலங்கோலத்தைப் பார்த்ததும் குரலை உயர்த்துவேன். அவள் காதுகளை மடக்கி, வாலைக் கால்களுக்கிடையில் செருகி, பார்வையைத் திருப்பிக்கொள்வாள். 'செய்தது தப்பு என்று அவளுக்கே தெரிகிறது' என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு, அந்த வாக்கியத்தை நான் மீண்டும் சொன்னதில்லை. அவர் 14 நாய்களை வைத்து, உரிமையாளர் 'தின்னாதே' என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறிய பிறகு, சில முறை நாயைத் தின்ன விட்டும் சில முறை தின்ன விடாமலும் பார்த்தார். திரும்பி வந்த உரிமையாளரிடம் சில முறை உண்மையையும் சில முறை பொய்யையும் சொன்னார். அந்தக் குற்ற உணர்ச்சி முகம், நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. ஒன்றும் தின்னாமலேயே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் அதிகமாகத் தென்பட்டது. செவலை என்னிடம் காட்டியது என் கோபத்தின் மீதான அச்சம். இரண்டு மணி நேரத்துக்கு முன் தின்ற இறைச்சிக்கும் அந்தக் கோபத்துக்கும் அவளால் முடிச்சுப் போட முடியாது. நான் உள்ளே நுழையும் நேரம் பயப்பட வேண்டிய நேரம் என்பதை மட்டும் அவள் கற்றுக்கொண்டாள். அந்த மாதங்களை எண்ணினால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கையும் களவுமாகப் பிடித்துக் கண்டித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஜூலியானே காமின்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக் கூடாது என்று தடுக்கப்பட்ட உணவை, வெளிச்சத்தில் இருந்ததைவிட இருட்டில் இருந்தபோது நாய்கள் சுமார் நான்கு மடங்கு அதிகமாக எடுத்தன. மனிதர் பார்க்க முடிகிறதா என்பது நாய்க்கு முக்கியமான செய்தி. நாம் இருக்கும்போது கண்டித்தால், நாம் இருக்கும்போது எடுக்கக் கூடாது என்பதையே அது கற்றுக்கொள்கிறது. 'விடு' என்ற சொல்லுக்குக் கட்டுப்பட அவளுக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். என் கையிலிருந்து மாத்திரை தவறி விழுந்த ஒரு நாள் அந்தச் சொல்தான் காப்பாற்றியது. ஆனால் வீட்டில் ஆளே இல்லாதபோது அந்தச் சொல்லைச் சொல்ல யாரும் இல்லை.

இத்தனையையும் நான் தேடிப் படிக்க வைத்தது உலர்திராட்சைதான். ஒரு மாலை நாங்கள் திரும்பியபோது, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த உலர்திராட்சைப் பொட்டலம் கிழிந்து, பாதிக்கு மேல் காலியாகிக் கூடத்தில் கிடந்தது. செவலை நன்றாகத்தான் இருந்தாள், வாலாட்டினாள், விளையாட அழைத்தாள். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதையும், ஒரு நாய் தாங்கிக்கொள்ளும் அளவு இன்னொரு நாயைச் சாய்த்துவிடும் என்பதால் 'கொஞ்சம்தானே' என்று இருந்துவிடக் கூடாது என்பதையும் அன்று இரவு கால்நடை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்; இரண்டு நாட்கள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்; மூன்று நாட்கள் இரத்தத்தைச் சோதித்துச் சிறுநீரகம் சரியாக இயங்குவதை உறுதி செய்துகொண்டார். முன்காலில் மயிர் மழிக்கப்பட்ட சிறு சதுரத்தோடு அவள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த அந்த இரண்டாம் நாள் இரவுக்குப் பிறகு, இது ஒழுக்கம் பற்றிய பிரச்சினை என்ற எண்ணம் என்னிடமிருந்து முற்றிலும் போய்விட்டது.

அடுக்களையில் இருக்கும் ஆபத்து அதோடு முடிவதில்லை. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும். சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து. வெங்காயமும் பூண்டும், பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும் பொடியாக இருந்தாலும், இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம்மிலும் சில இனிப்புகளிலும் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி, நாயின் இரத்தச் சர்க்கரையை விரைவிலேயே ஆபத்தான அளவுக்குக் கீழே இறக்கிவிடலாம். ஈஸ்ட் கலந்து பிசைந்த பச்சை மாவு வயிற்றுக்குள் உப்பிப் பெருகுவதோடு சாராயத்தையும் உண்டாக்கும். வெந்த எலும்பு கூரிய சிம்புகளாக உடையும். வறுவல் அடைத்து வரும் பொட்டலத்துக்குள் தலையை விட்ட நாய், மூச்சை இழுக்க இழுக்கப் பொட்டலம் முகத்தோடு ஒட்டிக்கொள்வதால் மூச்சுத் திணறி இறந்துபோகும் சம்பவங்களும் நடக்கின்றன. காலிப் பொட்டலத்தை நீளவாக்கில் கிழித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். இவற்றில் எதையாவது நாய் தின்றுவிட்டது தெரிந்தால், அறிகுறிகளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்க நாமாக முயலக் கூடாது, அந்த உப்பே உயிருக்கு ஆபத்தாகலாம்.

எங்கள் பதிவில் என்னை மிகவும் நடுங்க வைத்தது ஃபிரிட்ஜ் அல்ல, இன்னொரு நாள் பதிவாகியிருந்த ஒரு நொடி. மேடையின் ஓரத்தில் இரண்டு முன்கால்களையும் வைத்து எட்டிப் பார்த்தவளின் பாதம், கீழே இறங்கும்போது அடுப்பின் திருகு ஒன்றை உரசிக்கொண்டு இறங்கியது. திருகு திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பூட்டிய வீட்டுக்குள் எரிவாயு கசிந்திருக்கும். மின்னடுப்பாக இருந்து, அதன் மேல் ஏதாவது பொருள் இருந்திருந்தால் தீயே பிடித்திருக்கும். நாயின் கால் பட்டு அடுப்பு பற்றி வீட்டில் தீப்பிடிப்பது உண்மையிலேயே நடக்கிற ஒன்று. அன்றிலிருந்து கிளம்பும்போது எரிவாயுக் குழாயின் வால்வை மூடுகிறோம், கழற்ற முடிந்த திருகுகளைக் கழற்றி இழுப்பறையில் போடுகிறோம், அடுப்பின் மேல் எதையும் வைப்பதில்லை.

இனி கதவுக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் பாதிப் பிரச்சினை அங்கேதான் தீர்ந்தது. நீளப் பிடி வைத்த கதவு, எழுந்து நிற்கத் தெரிந்த எந்த நாய்க்கும் திறந்த கதவுதான். அதன் எடையே பிடியை அழுத்திவிடும். உருண்டைக் குமிழாக மாற்றினால் பாதத்தால் திருகுவது அவ்வளவு எளிதல்ல. நாங்கள் குமிழை மாற்றியதோடு நிற்காமல், கதவின் வெளிப்புறத்தில் என் தோள் உயரத்துக்கு ஒரு தாழ்ப்பாளும் போட்டோம். அதற்கு முன் குழந்தைகளுக்கான தடுப்புக் கதவை வைத்துப் பார்த்தோம். இடுப்பளவுகூட இல்லாத அந்தத் தடுப்பை அவள் ஓடி வராமலேயே தாண்டினாள். கதவே இல்லாத அடுக்களையாக இருந்தால், நாயை இன்னோர் அறையில் வசதியாக இருத்துவதுதான் சரியாக வரும். அடுக்களையைக் காக்க முடியாத இடத்தில் நாயின் இடத்தை மாற்றுவதில் தவறில்லை. ஆனால் உடம்பை நீட்டக்கூட இடமில்லாத கூண்டில் நாள் முழுவதும் பூட்டி வைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

தாழ்ப்பாள் போட மறக்கும் நாளும் வரும் என்பதால் உள்ளேயும் ஒழுங்கு வேண்டும். அலமாரிகளுக்குக் குழந்தைப் பூட்டு போட்டோம். அழுத்தினால் விடும் வகையை மூக்கால் அழுத்தியே அவள் திறந்தாள். காந்தச் சாவி கொண்டு திறக்கும் வகை இன்றுவரை தாக்குப்பிடிக்கிறது. குப்பைத்தொட்டி பூட்டிய அலமாரிக்குள் போயிற்று. நாற்காலிகளை மேசைக்குள் முழுவதுமாகத் தள்ளிவிடுகிறோம், ஏனென்றால் நாற்காலி அவளுக்குப் படிக்கட்டு. மேடையைத் துடைக்கும்போது எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை துடைக்க வேண்டும்; நமக்கு மணம் நின்ற பிறகும் அந்த மூக்குக்கு அங்கே செய்தி இருக்கிறது, நக்கினால் சிறிது கூலியும் இருக்கிறது. ஃபிரிட்ஜுக்கு என்ன செய்தோம் என்று கேட்டால், கைத்துண்டை அங்கே தொங்கவிடுவதை நிறுத்தினோம், அவ்வளவுதான்.

காலி டப்பாக்களைக் கயிற்றில் கட்டி, உணவை இழுத்தால் தடதடவென்று மேலே விழும்படி பொறி வைக்கச் சொல்லி நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அன்பாகத்தான் சொன்னார், ஆனால் நான் மறுத்துவிட்டேன். தனியாக இருக்கும் நாய் அந்த அதிர்ச்சியை உணவோடு இணைக்குமா, அடுக்களைத் தரையோடு இணைக்குமா, தனிமையோடே இணைக்குமா என்பது நம் கையில் இல்லை. தனியாக இருப்பதே பயங்கரம் என்று அது முடிவு செய்துவிட்டால், இறைச்சித் துண்டுகளைக் காப்பாற்றி நாயின் நிம்மதியை இழந்தவர்களாவோம்.

தாழ்ப்பாள் போட்ட முதல் வாரம் அவள் முன்னைவிட மோசமாக நடந்துகொண்டாள். கதவை 40 நிமிடம் பிராண்டினாள், குமிழைக் கடித்துப் பார்த்தாள், ஒரு நாள் குரைத்துக்கொண்டே இருந்தாள். வழக்கமாகக் கிடைத்த கூலி திடீரென்று நின்றால் முயற்சி முதலில் பொங்கி எழுந்து, அதன் பிறகே தணியும். இது எதிர்பார்க்க வேண்டிய கட்டம். இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு முறை கதவு திறந்திருந்தாலும், முன்னைவிட அதிக நேரம் பிராண்டினால் பலன் உண்டு என்ற பாடத்தை நாமே கற்பித்ததாகிவிடும். எனவே அந்த வாரம் கடைசியாகக் கிளம்புபவர் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் 'சரி' என்று வாய்விட்டுச் சொல்லும் வழக்கத்தை வீட்டில் அனைவரும் ஏற்றுக்கொண்டோம்.

இதில் சற்றுச் சிரமமாக இருந்தது என் அம்மாவின் பாசம்தான். காய் நறுக்கும்போது மேடை ஓரத்தில் வந்து நிற்பவளுக்கு ஒரு துண்டு போடாமல் அவரால் இருக்க முடியாது. "நான் போட்டால் வாங்கிக்கொள்கிறாள், அவளாக எடுக்கவில்லையே" என்றார். "தாராளமாகக் கொடும்மா, ஆனால் கூடத்தில் அவள் தட்டில் போட்டுக் கொடு" என்றேன். மேடை ஓரம் கூலி தரும் இடம் என்பதை நாம் வீட்டில் இருக்கும்போதே கற்பித்தால், இல்லாதபோது அவள் அங்கே போகாமல் என்ன செய்வாள்? அம்மா இப்போது கேரட் துண்டுகளைக் கிண்ணத்தில் சேர்த்து வைத்து, வேலை முடிந்ததும் கூடத்துக்கு வந்து போடுகிறார். செவலையும் மேடையை விட்டுவிட்டுத் தட்டருகே காத்திருக்கிறாள்.

வேறோர் இடத்தில் கூலி என்றேன் அல்லவா? செவலைக்கு வேலை வேண்டும். கதவையும் ஃபிரிட்ஜையும் திறக்கக் கற்றுக்கொண்ட மூளைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திரு என்று சொல்வது நியாயமாகாது. நாங்கள் கிளம்பும் முன் அவளை அரை மணி நேரம் நடத்திச் செல்கிறேன். அந்த நடையில் அவசரப்படுத்துவதில்லை. அவள் மோந்து பார்க்க நின்றால் நானும் நிற்கிறேன், ஏனென்றால் மோப்பம் பிடிப்பதே அவளை நன்றாகக் களைக்க வைக்கிறது. காலை உணவைத் தட்டில் வைப்பதை நிறுத்திவிட்டோம். பாதியைக் குழிவான ரப்பர் பொம்மைக்குள் அடைத்து முந்தைய இரவே உறைய வைக்கிறோம். மீதியைப் பழைய துணியின் மடிப்புகளிலும் அட்டைப் பெட்டிகளிலும் கூடத்தில் ஒளித்து வைக்கிறோம். அட்டையை அவள் விழுங்குவதில்லை என்பதை முதலில் பல நாட்கள் உடனிருந்து பார்த்த பிறகே தனியாக விட்டோம். பொம்மை கைக்கு வருவது நாங்கள் வாசற்கதவைச் சாத்தும் அந்தக் கணத்தில்தான், திரும்பி வந்ததும் அதை எடுத்து வைத்துவிடுகிறோம். முதலில் 2 நிமிடம், பிறகு 5 நிமிடம், அதன்பின் அந்த 11-ஆவது நிமிடத்தைத் தாண்டி 20 நிமிடம், ஒரு மணி நேரம் என்று பொய்யாகக் கிளம்பிக் கிளம்பிப் பழக்கினோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் கிளம்பிய சில நிமிடங்களிலேயே எச்சில் ஒழுக ஊளையிட்டு, வாசற்கதவைப் பிராண்டி, நல்ல உணவு அடைத்த பொம்மையைத் தொடாமலேயே விட்டிருக்கிற நாய், கூலி தேடும் நாய் அல்ல. அது பிரிவைத் தாங்க முடியாமல் துன்பப்படுகிறது. அதற்குத் தாழ்ப்பாள் மருந்தாகாது, மருத்துவரின் உதவி வேண்டும். அதேபோல, இத்தனை நாள் இல்லாத பசி திடீரென்று வந்தால் குடற்புழு, நீரிழிவு, கணையக் கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை போன்ற காரணங்கள் இருக்கலாம் என்பதால் முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சில நாய்களுக்கு ஆசையே பிறவியில் கூடுதல்: 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினார் ராஃபனும் அவருடைய குழுவினரும், லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் போம்சி என்ற மரபணுவின் ஒரு பகுதி இல்லை என்றும், அவற்றுக்கு உணவு நாட்டம் அதிகம் என்றும் கண்டறிந்தனர். அப்படிப்பட்ட நாயைப் 'பேராசை பிடித்தது' என்று திட்டுவது எனக்கு மனம் ஒப்பாத செயல்.

தாழ்ப்பாள் போட்டு ஐந்து வாரங்கள் ஆனபோது கதவைப் பிராண்டுவது முற்றிலும் நின்றது. இப்போதும் வாரம் ஒரு முறை பதிவு செய்து பார்க்கிறேன். நேற்றைய பதிவில், பொம்மையைக் காலியாக்கிவிட்டு, துணி மடிப்புகளை ஒவ்வொன்றாக மூக்கால் பிரித்து, கடைசி உருண்டை எங்கே என்று பெட்டிகளைச் சுற்றி இரண்டு முறை நடக்கிறாள். 26-ஆவது நிமிடத்தில் அடுக்களைக் கதவின் முன் வந்து நின்று, தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்து, கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியை ஒரு முறை மோந்துவிட்டுத் திரும்பி வந்து விரிப்பில் சுருண்டுகொள்கிறாள். அதன்பின் நாங்கள் வரும்வரை பதிவில் அசைவு இல்லை. கைத்துண்டு இப்போது ஜன்னலோரத்து ஆணியில் தொங்குகிறது.